ராணுவத்தில் பாதிரியாராக இருந்த ஆயருக்கு வழியனுப்பு விழா: பொன்னாடையைத் தவிர வேறு என்ன செய்யலாம்?

காகிதப்பட்டறை பொருளாளர்

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். எங்கள் குருசேகர ஆயர் (சபையின் போதகர்) மே மாதக் கடைசி ஞாயிறோடு பணி ஓய்வு பெறுகிறார். குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் கிராம சபைகளில் இருந்தவர். பிறகு பேராயரின் அனுமதியோடு ராணுவத்தில் மதபோதகராகச் சேர்ந்தார். நாயப் சுபேதார் என்ற இளநிலை அதிகாரியாகப் போய், அடுத்த படியான சுபேதாராக ஓய்வு பெற்று, மறுபடியும் வேலூர் பேராயத்துக்கே வந்து ஊழியத்தைத் தொடர்ந்தார். ஆக, இது அவருடைய இரண்டாவது ஓய்வு.

குழுக் கூட்டத்தில் வழக்கமான யோசனைகள் வந்தன. சாலை முனையிலிருந்து ஆலய வாசல் வரை பிளக்ஸ், ஆளுயர மாலை, ஒரு சவரனில் மோதிரம், வாழ்த்து மடல், சிறப்பு மலர், மதியம் பிரியாணி. ஆயரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தோம். பிளக்ஸும் மோதிரமும் வேண்டாம் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். மற்றவற்றுக்குப் பதிலே சொல்லவில்லை. நாங்கள் அம்மா என்று அழைக்கும் அவருடைய மனைவிதான் சிரித்துக்கொண்டு, “என்ன வேண்டும் என்று கேட்டால் அவர் வாயைத் திறக்க மாட்டார். எது வேண்டாம் என்று கேளுங்கள், பட்டியலே கொடுப்பார்” என்றார்கள்.

பணம் ஓரளவு சேர்ந்துவிட்டது. எப்படிச் செலவழிப்பது என்பதில்தான் குழுவுக்குள் இரண்டு கட்சி. வெளியில் இருப்பவர்கள் சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கையில் இங்கே எழுதுகிறேன்.

ஆரணி அத்தை

பிளக்ஸ் வேண்டாம் என்று சொன்ன முதல் ஆயர் இவராகத்தான் இருப்பார். அதற்காகவே ஒரு மாலை போடலாம்.

ஆனால் உங்கள் பட்டியலில் அம்மாவுக்கு என்று ஒரு வரிகூட இல்லையே, கவனித்தீர்களா? அவர் எல்லையில் இருந்தபோது குடும்பத்தைக் கூட அழைத்துப் போக முடியாத இடங்கள் உண்டு. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தாலும், பள்ளியில் கூப்பிட்டாலும், மாமியாருக்கு முடியாமல் போனாலும் அந்த அம்மா தனியாகத்தான் ஓடியிருப்பார்கள். ஊருக்குத் திரும்பி வந்ததும் ஓய்வா கிடைத்தது? பெண்கள் ஐக்கிய சங்கம், ஞாயிறு பள்ளி, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி. சம்பளம் இல்லாத உத்தியோகம். ஆயருக்கு நீங்கள் போர்த்தும் பொன்னாடைகள் பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கும். அந்தப் பணத்தில் அம்மாவுக்கு ஒரு நல்ல ஆரணிப் பட்டு எடுத்துக் கொடுங்கள். நிறத்தை அவர்களிடமே கேளுங்கள், குழுவில் உள்ள ஆண்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

தோரப்பாடி தம்பி

எல்லோருக்கும் வணக்கம். நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. சபையில் முழு உறுப்பினராகும் திடப்படுத்தலுக்கு என்னை ஆயத்தப்படுத்தியவர் இந்த ஆயர், அவர் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் விழாவில் மூவர்ணக் கொடி, பதக்கம், சல்யூட், தேசபக்திப் பாட்டு என்று ஒரு திட்டம் ஓடுவதாகக் கேள்விப்பட்டேன். ஆலயத்துக்குள் இது எதற்கு? மதராஸ் ரெஜிமென்டின் போர் முழக்கமே “வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு” என்பதுதான். பகைவரை நேசியுங்கள் என்று படிக்கிற பீடத்துக்குப் பக்கத்தில் அதற்கு என்ன வேலை? அவரை ஆயராகக் கௌரவித்தால் போதாதா?

காகிதப்பட்டறை பொருளாளர்

தம்பி, முழக்கம் எதுவும் திட்டத்தில் இல்லை. கொடி பற்றிப் பேச்சு வந்தது உண்மை. முடிவாகவில்லை.

ராணுவப்பேட்டை ஹவில்தார்

நான் உங்கள் சபையைச் சேர்ந்தவன் இல்லை, கிறிஸ்தவனும் இல்லை. கம்மவான்பேட்டைக்காரன். எங்கள் ஊரை ஏன் ராணுவப்பேட்டை என்று சொல்கிறார்கள் என்பது வேலூர்க்காரர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்திருப்பார். இந்த இழையை என் மருமகள் காட்டினாள். தம்பி கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தம்பி, ராணுவத்தில் மதபோதகர் வேலை என்றால் துப்பாக்கிக்குப் பூசை போடுவது என்று நினைத்துவிடாதே. இறந்தவர்களுக்குக் கடைசிக் கடமை செய்ய வேண்டும். மருத்துவமனையில் கிடப்பவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும், தேறி வருகிறவர்களோடு உட்கார்ந்து ஜெபிக்க வேண்டும். தண்டனை பெற்று உள்ளே இருக்கிற சிப்பாயையும் பார்க்க வேண்டும். அவனை மற்றவர்கள் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லிக்கொடுக்க வேண்டும். வாராவாரம் வழிபாடு நடத்த வேண்டும். விதியிலேயே இருக்கிற வேலைகள் இவை. விதியில் இல்லாதது நூறு இருக்கும்.

எனக்கு லடாக்கில் லே பக்கத்தில் பனிக்கடி ஏற்பட்டு இரண்டு கையிலும் கட்டுப் போட்டு ராணுவ மருத்துவமனையில் கிடந்தேன். சோறு ஊட்டிவிட ஆள் இருந்தது. வீட்டுக்குக் கடிதம் எழுத ஆள் இல்லை. அப்போதெல்லாம் போன் வசதி கிடையாது, 56 ஏ.பி.ஓ. என்று ராணுவ அஞ்சலக முகவரி போட்டு வருகிற கடிதம்தான் எல்லாம். வார்டில் தமிழ் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு இந்தப் பாதிரியார் வந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். கை இப்படி ஆகிவிட்டது என்பதை மட்டும் எழுத வேண்டாம் என்றேன். “பொய் எழுத மாட்டேன், ஆனால் எதை முதலில் எழுதுவது என்று எனக்குத் தெரியும்” என்றார். நலம், சாப்பாடு, குளிர், சம்பளம் அனுப்பிய விவரம் என்று வரிசையாகப் போய்க் கடைசியில் இரண்டு வரியில் கையைப் பற்றி எழுதினார். என் மனைவி பதில் போட்டாள்: கைக்கு ஒன்றும் ஆகாது, மாரியம்மாவுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன், இனிமேலும் கடிதத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள், உங்கள் கையெழுத்தைவிடப் படிக்க நன்றாக இருக்கிறது. அதை எனக்குப் படித்துக் காட்டியவரும் அவர்தான். அந்த வார்டு முழுக்கச் சிரித்தது.

இன்னொன்று. எங்கள் யூனிட்டில் ஒரு பையன் இறந்து போனான். போளூர் பக்கம் ஊர். பெட்டியோடு வந்த ஆட்களில் இவரும் ஒருவர். இந்துக் குடும்பம். வந்ததும் கையில் வேதப் புத்தகத்தை எடுக்கவில்லை. ஊர்ப் பெரியவர்களிடம் போய், “உங்கள் வழக்கம் என்ன, நாங்கள் எங்கே நிற்க வேண்டும்?” என்று கேட்டார். அவர்கள் சொன்ன இடத்தில் நின்றார். எல்லாம் முடிந்த பிறகு அந்தத் தகப்பன்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்களும் உங்கள் சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். அப்போதுதான் ஜெபித்தார்.

பல வருடம் கழித்து வேலூரில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை வரிசையில் முன்னால் நிற்கிறார். வெள்ளை அங்கி இல்லை, சாதாரணச் சட்டை. முதுகைப் பார்த்தே கண்டுபிடித்தேன், நடை அப்படியே இருந்தது. பார்த்தவுடன் “கை எப்படி இருக்கிறது?” என்றார்.

கோட்டைவாசல்

ஹவில்தார் ஐயா, வணக்கம். இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள்?

நம் ஊர்க் கதையையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறேன், ஆர்வக் கோளாறு என்று மன்னியுங்கள். வேலூரில் படைக்கும் ஆலயத்துக்கும் உள்ள தொடர்பு புதிதல்ல. கோட்டைக்குள் இருக்கும் தூய யோவான் ஆலயம் 1846-இல் கம்பெனிப் படையினருக்காகக் கட்டப்பட்டது. 1806 ஜூலை 10 விடியலில் சிப்பாய்கள் எழுந்த அதே கோட்டை. வெள்ளைக்காரன் காலத்தில் படைக்குப் பாதிரியார்களை அரசே சம்பளம் கொடுத்து வைத்திருந்தது, அதற்கென்றே தனித் துறை இருந்தது. சுதந்திரத்தோடு அது போய்விட்டது. இப்போதைய முறையில் பண்டிட், சீக்கியர்களின் கிரந்தி, மௌல்வி, பாதிரியார், பௌத்தத் துறவி எல்லோரும் இளநிலை அதிகாரிகளாக, ஒரே படிநிலையில் சேர்க்கப்படுகிறார்கள். பாதிரியாராகச் சேர ஒருவர் முறைப்படி குருப்பட்டம் பெற்றிருக்க வேண்டும், அவருடைய பெயர் உள்ளூர் பேராயரின் அங்கீகாரப் பட்டியலிலும் இருக்க வேண்டும். ஆகவே அவர் சபையை விட்டுப் போய்ப் படையில் சேர்ந்தார் என்று சொல்வது சரியில்லை. சபைதான் அவரை அனுப்பிவைத்தது. தம்பியின் கேள்விக்கு இதுவும் ஒரு பதில் என்று நினைக்கிறேன்.

நீண்ட கடைவீதி மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914-18 போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். கீழே நின்று பேரம் பேசுகிற கூட்டத்தில் எத்தனை பேர் தலை நிமிர்ந்து படித்திருப்போம்?

என் யோசனை: நன்றி ஆராதனையைக் கோட்டை ஆலயத்தில் வையுங்கள். ராணுவத்தில் சர்வ தர்ம ஸ்தலம் என்று ஒரே கூரையின் கீழ் எல்லாச் சமயத்துக்கும் இடம் வைப்பார்கள். நம் கோட்டையில் ஒரே மதிலுக்குள் ஜலகண்டேசுவரர் கோயில், மசூதி, ஆலயம் மூன்றும் நிற்கின்றன. இதைவிடப் பொருத்தமான இடம் அவருக்கு எங்கே கிடைக்கும்?

காகிதப்பட்டறை பொருளாளர்

ஆசைதான். ஆனால் எங்கள் கூட்டம் அங்கே கொள்ளாது. வயதானவர்கள் வெயிலில் கோட்டைக்குள் நடக்க வேண்டும். சாப்பாடு, பந்தல் எதுவும் அங்கே முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னுடைய சபையில்தான் கடைசிப் பிரசங்கம் செய்ய வேண்டும் என்று ஆயர் விரும்புவார். இது நடக்காது.

சத்துவாச்சாரி வக்கீல்

தோரப்பாடி தம்பிக்குச் சட்டப்படி ஒரு சிறு குறிப்பு. 1949-ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா ஒப்பந்தம், 24-ஆம் பிரிவு. படையோடு இருக்கும் மருத்துவப் பணியாளர்களையும் மதபோதகர்களையும் எல்லாச் சூழலிலும் மதித்துக் காக்க வேண்டும் என்கிறது. எதிரியிடம் பிடிபட்டாலும் அவர்கள் போர்க் கைதிகள் ஆக மாட்டார்கள். தங்கள் தரப்புக் கைதிகளுக்கு ஊழியம் செய்யத் தேவைப்படும் வரைதான் வைத்திருக்கலாம், பிறகு திருப்பி அனுப்ப வேண்டும். உலக நாடுகள் கூடி, இந்த ஆள் சண்டைக்கு வந்தவர் அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. நீ சொல்லும் அந்த முழக்கத்தை அவர் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

தோரப்பாடி தம்பி

ஹவில்தார் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். அவர் செய்த வேலையைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரியாது. எங்களுக்கு அவர் சொன்னதே இல்லை. ஞாயிறு பள்ளியில் ஒரு பையன் ஒரு தடவை, “ஐயா, எத்தனை பேரைச் சுட்டீர்கள்?” என்று கேட்டான். அவர் உள்ளே போய் ஒரு சின்னத் தோல் பெட்டியைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். உள்ளே திருவிருந்துக் கிண்ணம், அப்பத் தட்டு, ஒரு சிலுவை, எண்ணெய்ச் சிமிழ். “நான் தூக்கிக்கொண்டு போனது இதைத்தான்” என்றார். அந்தப் பையனுக்கு ஏமாற்றம், முகத்திலேயே தெரிந்தது.

ஆனால் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது வக்கீல் ஐயா. அவர் சண்டை போட்டார் என்று நான் எங்கும் எழுதவில்லை. அவர் தூக்காத ஆயுதத்தை விழா மேடையில் நாம் ஏன் தூக்கிவைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். கொடி, சல்யூட் எல்லாம் வெளியே வளாகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நானே முன்னால் நிற்கிறேன். ஆராதனைக்குள் வேண்டாம்.

ஆற்காட்டுக்காரன், நியூஜெர்சி

நம் வேலூர்ப் பகுதியில் ஊழியம் செய்த ஆற்காடு மிஷனை 1853-இல் தொடங்கிய அதே சீர்திருத்தத் திருச்சபையின் ஒரு சபைக்குத்தான் இங்கே நான் போகிறேன். அந்த மிஷனில் இருந்த ஸ்கடர் குடும்பத்தின் முதல் மிஷனரி மருத்துவர் பிறந்ததும் இந்த மாநிலத்தில்தான். இங்கே அமெரிக்காவில் படைத்துறைப் பாதிரியார்கள் நம் நாட்டைப் போல அல்லாமல் முழு அதிகாரிகளாகவே சேர்கிறார்கள். 1775 ஜூலை 29-ஐத் தங்கள் பிரிவு பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். அவர்கள் ஆயுதம் ஏந்துவதில்லை, கூடவே போகிற உதவியாளர்தான் வைத்திருப்பார்.

எங்கள் சபையில் அப்படி இருந்த ஒருவர் ஓய்வு பெற்றபோது பார்த்தேன். தம்பி கேட்கிற பிரிவினை அங்கேயும் இருந்தது. ஆராதனையில் படையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு கீழ்த்தளக் கூடத்தில் காப்பியும் கேக்கும். அவருடைய பதக்கங்களையும் மடித்த கொடியையும் கண்ணாடி போட்ட ஒரு மரப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. சபையார் ஒவ்வொருவரும் அவர் தனக்குச் செய்த ஒரு காரியத்தை ஒரு பக்கத்தில் எழுதி, எல்லாவற்றையும் ஒரு கோப்பாகக் கட்டிக் கொடுத்தார்கள். வாழ்த்து மடல் மொழி கிடையாது. “என் மகன் சிறையில் இருந்தபோது வந்தீர்கள்” என்ற மாதிரி. நம் ஊர்ச் சிறப்பு மலரில் முதல் இருபது பக்கம் அரசியல்வாதிகளின் வாழ்த்துச் செய்தி, அடுத்த முப்பது பக்கம் நகைக்கடை விளம்பரம், நடுவில் எங்கேயோ ஆயர் படம். அதை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.

ஆரணி அத்தை

மலரை மாற்றச் சொன்ன தம்பி நன்றாக இருக்கட்டும். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல இளைஞர் சங்கத்துப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். லேயில் அவர் செய்ததுதானே?

ராணுவப்பேட்டை ஹவில்தார்

எனக்கு ஒரு யோசனை. படையில் பெரிய நாள் என்றால் படா கானா வைப்பார்கள். அன்று சிப்பாய் உட்கார்ந்து சாப்பிடுவான், அதிகாரிகள் பரிமாறுவார்கள். உங்கள் விழாவிலும் அப்படிச் செய்யுங்கள். குழுத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் வாளியைத் தூக்கட்டும். ஆயர் குடும்பமும் ஆலயம் பெருக்குகிறவரும் முதல் பந்தியில் உட்காரட்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கமாண்டிங் அதிகாரி யூனிட்டை விட்டுப் போகும்போது ஜீப்பில் கயிறு கட்டிப் படையே இழுத்துக்கொண்டு வாசல் வரை போகும், தேர் இழுப்பது போல. அதுவும் செய்யலாமா என்று எங்கள் ஊர்ப் பையன்கள் கேட்கிறார்கள்.

காகிதப்பட்டறை பொருளாளர்

படா கானா உறுதி. வாளி தூக்க நான் தயார், தலைவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கயிறு வேண்டாம் ஐயா. ஆயரின் கார் ஒரு பழைய மாருதி. நீங்கள் இழுத்தால் முன்பக்கம் மட்டும் காட்பாடி போய்ச் சேரும்.

உபதேசியார் மகள், குடியாத்தம்

எல்லோரும் மகிழ்ச்சியாகப் பேசும்போது இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஓய்வு பெறுகிற ஆயருக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். பொதுவாகச் சொன்னால், வீடு வேண்டும். வாழ்நாள் முழுக்க ஆயர் இல்லத்தில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அடுத்தவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று ஆள் வந்து நிற்பார். நாற்பது ஆண்டு ஊழியம் செய்துவிட்டு வாடகை வீடு தேடி அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். மாலை போட்ட அதே சபையார் அட்வான்ஸ் தொகைக்குக் கைகொடுக்க வரவில்லை.

உங்கள் ஆயருக்கு ராணுவ ஓய்வூதியம் வருகிறது, மருத்துவ வசதியும் இருக்கிறது, அதனால் பரவாயில்லை. ஆனால் உங்கள் சபையில் ஒரு உபதேசியார் இருப்பார். ஆயர் வராத ஞாயிறுகளில் கிராமத்தில் ஆராதனை நடத்துகிறவர், சைக்கிளில் போகிறவர். என் அப்பா அப்படித்தான் இருந்தார். அவருக்கு எந்த ஓய்வூதியமும் கிடையாது. மோதிரத்துக்கு என்று எடுத்துவைத்த பணத்தை உங்கள் உபதேசியார் பெயரில் வங்கியில் போடுங்கள்.

கோட்டைவாசல்

சகோதரி சொல்வது நியாயம். ஆனால் இது ஆயருடைய விழா. மக்கள் அவருக்காகக் கொடுத்த பணத்தை வேறொருவருக்குத் திருப்பினால், நாளைக்குக் குழுக் கூட்டத்தில் கணக்குக் கேட்பார்கள். உபதேசியாருக்கு வேண்டியதைத் தனியாகத் திரட்டுவதே முறை.

உபதேசியார் மகள், குடியாத்தம்

தனியாக என்றால் ஒருபோதும் நடக்காது ஐயா. எங்களுக்கு அந்த “தனியாக” நன்றாகத் தெரியும்.

ஆரணி அத்தை

மகளே, நீ சொன்னதுதான் இந்த இழையிலேயே உருப்படியான பேச்சு. பொருளாளர் பதில் சொல்லாமல் நழுவக் கூடாது.

காகிதப்பட்டறை பொருளாளர்

நழுவவில்லை அத்தை. நேற்று மாலை ஆயரிடமே போய்ச் சொன்னேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “கொடுத்தவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒருவர் மறுத்தாலும் அவர் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்” என்றார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அறிவிப்பில் கேட்கப் போகிறேன். இரண்டு பேர் மறுப்பார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும், யார் என்றும் தெரியும்.

மற்றவை இப்படி முடிவாகியிருக்கின்றன. ஆராதனை காலையில், வழக்கமான ஒழுங்கில், திருவிருந்தோடு. கொடியும் பதக்கமும் உள்ளே இல்லை. தம்பி சொன்னது போல மாலையில் வளாகத்தில் கூட்டம், அக்னி வெயில் தணிந்த பிறகு. முன்னாள் படைவீரர்கள் பதக்கத்தோடு வரலாம். ஆயர் தன்னுடைய பதக்கங்களை அணிவாரா என்று கேட்டேன், அவை எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று அம்மாவுக்குத்தான் தெரியும் என்றார். அம்மாவுக்குப் பட்டுச் சேலை எடுக்கப் பெண்கள் சங்கத்தார் ஆரணி போகிறார்கள். மலர் அச்சடிக்கவில்லை. கையெழுத்துப் பக்கங்களைத் தொகுக்கிறோம், தோரப்பாடி தம்பிதான் பொறுப்பு. திருவிருந்துப் பெட்டியைக் காட்சிக்கு வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். ஆயர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார், அது இன்னும் பயன்பாட்டில் இருக்கிறதாம்.

தோரப்பாடி தம்பி

பக்கங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒருவர் நான்கு பக்கம் எழுதி, அதில் மூன்றரைப் பக்கம் தன்னைப் பற்றியே எழுதியிருக்கிறார். குறைக்கலாமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆற்காட்டுக்காரன், நியூஜெர்சி

குறைக்காதீர்கள். அவருக்கு ஆளைத் தெரியும், சிரித்துக்கொள்வார்.

ராணுவப்பேட்டை ஹவில்தார்

எங்கள் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய வருகிறோம். பாதிப் பேர் மனைவிமார்களோடு வருவார்கள், அதனால் இரண்டு வேன் ஆனாலும் ஆகலாம். ஒரு விண்ணப்பம்: சிலர் அசைவம் சாப்பிட மாட்டார்கள், என் மனைவியும் அப்படித்தான். சைவச் சாப்பாடு உண்டா, இல்லை என்றால் இங்கிருந்தே புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

காகிதப்பட்டறை பொருளாளர்

கட்டிக்கொண்டு வர வேண்டாம் ஐயா. சைவத்துக்குத் தனி அடுப்பு, தனி ஆள் சொல்லியாகிவிட்டது. சாம்பார், கத்திரிக்காய்ப் பொரியல், பாயசம். எத்தனை பேர் என்று மட்டும் வியாழக்கிழமைக்குள் எழுதுங்கள்.